கடல் இடது பக்கம்!

(தலைப்பு: கடற்கரைச் சாலையில் குடும்பத்தோடு காரில் போகும் சுகம் – திட்டமிட்டுப் போவதிலா? போகிற போக்கில் போவதிலா? 'திட்டமிட்டே!' என்ற அணியில் ஒரு குடும்பத் தலைவியின் பேச்சு.)

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! இரண்டு அணிகளிலும் அமர்ந்திருக்கிற பெரியோர்களே! தொலைக்காட்சிப் பெட்டி முன்னால் சமையலைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே!

எனக்கு முன்னால பேசின எதிரணித் தம்பி அழகாப் பேசினார். "சென்னையில வண்டியை எடு, கிழக்குக் கடற்கரைச் சாலையில ஏறு, ராமேஸ்வரம் வரைக்கும் விடு, கடல் கூடவே வரும்"னார்.

தம்பி, கடல் கூடவே வராது! (சிரிப்பு) கடற்கரைச் சாலைன்னு பேர்தான். பாதி வழிக்கு மேல அந்தச் சாலையிலிருந்து கடலே தெரியாது. சவுக்குத் தோப்பு தெரியும், மதில் சுவர் தெரியும், 'மனை விற்பனைக்கு'ன்னு போர்டு தெரியும். (சிரிப்பு) மரக்காணம் பக்கம் வந்தா வெள்ளை வெள்ளையா உப்பு குவிச்சு வச்சிருக்கிறது தெரியும். கடல் அது பாட்டுக்குக் கிழக்கே இருக்கும். எந்த இடத்துல இடது பக்கம் திரும்பணும்னு முன்னாடியே தெரிஞ்சவனுக்குத்தான் கடல்.

தரங்கம்பாடியில் டென்மார்க்காரர்கள் 1620-ல் எழுப்பிய கோட்டை, அலைச் சத்தம் கேட்கிற தூரத்தில் நிற்கிறது. மல்லிப்பட்டினம் பக்கத்தில் மனோரா. நெப்போலியனை ஆங்கிலேயர்கள் ஜெயித்ததன் நினைவாகத் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி கட்டிய எட்டடுக்குக் கோபுரம். ரெண்டுமே பெரிய ரோட்டை விட்டுத் திரும்பினாத்தான் கிடைக்கும். போகிற போக்கில் போறவர் ரெண்டையும் தாண்டிப் போயிட்டு, வீட்டுக்கு வந்து "வழியில ஒண்ணுமே இல்ல"ம்பார். (கைதட்டல்)

நடுவர்: அம்மா, தம்பி கையில செல்போன் இருக்கே, அது வழி காட்டாதா?

காட்டும் ஐயா. வழியைக் காட்டும். வண்டியில யாருக்கு முட்டி வலி, யாருக்குச் சர்க்கரைன்னு அதுக்குத் தெரியுமா? (பலத்த கைதட்டல்) திட்டம் போடறதுன்னா ஊர் பேரை வரிசையா எழுதறதுன்னு எதிரணியில நினைக்கிறாங்க. இல்லைங்க. வண்டியில ஏறப்போற ஆட்களை வரிசையா நினைச்சுப் பார்க்கறதுதான் திட்டம்.

ஒரு சின்னக் கேள்வி. சென்னையிலிருந்து தெற்கே போனா கடல் எந்தப் பக்கம்? இடது பக்கம். நம்ம ஊர்க் கார்ல ஸ்டியரிங் எந்தப் பக்கம்? வலது பக்கம். ஆக, வண்டி ஓட்டறவருக்கும் அவருக்குப் பின்னால உட்கார்றவருக்கும் கடல் தள்ளிப் போச்சு. எங்க வீட்டுத் திட்டத்துல முதல் வரி என்ன தெரியுமா? 'போகும்போது பின்சீட்டு இடது ஜன்னல் அத்தைக்கு.' எழுபத்திரண்டு வயசு என் மாமியாருக்கு. திரும்பி வரும்போது கடல் வலது பக்கம் வந்துடும், சீட்டை மாத்திக்கணும். இது போகிற போக்கில் தோணுமா? யார் முதல்ல ஓடிப்போய் ஏறினாங்களோ அவங்களுக்குத்தானே ஜன்னல்!

அடுத்தது, சபையில சொல்றேன்னு யாரும் தப்பா நினைக்கக் கூடாது. நம்ம வீட்டுப் பெண்கள் நீண்ட பயணம்னா தண்ணி குடிக்க மாட்டாங்க. தாகம் இல்லாம இல்ல. குடிச்சா ஒதுங்க இடம் வேணும். ஆம்பளைங்க நினைச்ச இடத்துல வண்டியை ஓரங்கட்டுவாங்க. நாங்க எங்கே போறது? ஒரு தடவை சொந்தக்காரங்க வண்டியில, திட்டம் எதுவும் இல்லாம வேளாங்கண்ணி போனோம். எங்க அத்தை வழியெல்லாம் ஒரு வாய் தண்ணி குடிக்கலை. போய் இறங்கினப்போ கால் தள்ளாடிச்சு. கேட்டா, "ஒண்ணுமில்லம்மா"ன்னு சிரிக்கிறாங்க. நடுவர் அவர்களே, முன்சீட்டில் இருக்கிறவரின் சுதந்திரத்துக்குப் பின்சீட்டில் இருக்கிறவர் வாயைக் கட்டிக்கொண்டு வர வேண்டுமா? (அரங்கம் அதிர்கிறது) அதனால கோவில், கோட்டை எல்லாம் அப்புறம். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் நிறுத்தம், அங்கே சுத்தமான கழிப்பறை. அதைத்தான் முதல்ல குறிச்சு வைக்கணும்.

மூணாவது, நேரம். வங்கக் கடல்ல சூரியன் உதிக்கும், மறையாது. அந்த உதயத்தைப் பார்க்கணும்னா முதல் நாள் ராத்திரியே கடற்கரை ஊர்ல படுத்திருக்கணும். முதல் ராத்திரி புதுச்சேரி, அடுத்த ராத்திரி நாகப்பட்டினம், மூணாம் ராத்திரி ராமேஸ்வரம். இப்படிப் பிரிச்சுட்டா இருட்டுல வண்டி ஓட்டற வேலையே இல்ல. தூக்கக் கலக்கத்துல நடக்கிற விபத்தைப் பேப்பர்ல படிச்சுட்டு 'விதி'ங்கிறோம். பல சமயம் அது விதி இல்ல, கணக்குப் போடாத கிலோமீட்டர்!

மாசமும் பார்க்கணும். அக்டோபர்லேருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2018 நவம்பர்ல கஜா புயல் வேதாரண்யம் பக்கம்தான் கரையைக் கடந்தது. ஜனவரி, பிப்ரவரி நல்ல மாசம். கோடை லீவில போறவங்களுக்கு இன்னொண்ணு: ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். வஞ்சிரம் வறுவலை நம்பிப் போகாதீங்க! (சிரிப்பு)

"எல்லாத்தையும் எழுதி வச்சா சுவாரசியம் போயிடுமே"ன்னு எதிரணி அம்மா கேட்டாங்க. நியாயமான கேள்வி. தினமும் ரெண்டு மணி நேரத்தைக் காலியா விடுங்க. அந்த ரெண்டு மணி நேரம் எதிரணிக்கு! (கைதட்டல்) ஆனா ஒண்ணு, அந்த நேரத்துலயும் முன்பின் தெரியாத கடல்ல பிள்ளைகளை இறக்காதீங்க. கரையில வலை பின்னிக்கிட்டு இருக்கிற பெரியவரைக் கேளுங்க. அவர் வேண்டாம்னா வேண்டாம்தான்.

கடைசியா தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயல் ஊரையே அழிச்சது. பாசஞ்சர் ரயிலையும் அதில் வந்தவங்களையும் கொண்டு போச்சு. அந்த வழியா அரிச்சல்முனை வரைக்கும் 2017-ல் சாலை திறந்தாங்க. இருட்டறதுக்குள்ள திரும்பிடணும், அதனால அங்கேயும் நேரக் கணக்கு வேணும். அந்தச் சாலையில போனா ஒரு பக்கம் ஆண்கடல், ஒரு பக்கம் பெண்கடல்னு ஊர்க்காரங்க சொல்வாங்க. ரெண்டு பக்கமும் தண்ணி. முன்னூறு மைலுக்கு மேல ரோட்டையே பார்த்துக்கிட்டு வந்தாரே, வண்டி ஓட்டற வீட்டுக்காரர், அவருக்கும் அங்கேதான் ஐயா ஜன்னல்ல கடல் கிடைக்குது!

வண்டியில் இருக்கிற ஒருவர்கூட விட்டுப்போகாமல் எல்லாரும் கடல் பார்க்க வேண்டும் என்றால், திட்டமிட்டுத்தான் போக வேண்டும் என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டு விடைபெறுகிறேன்.