கிணற்றடியும் பிள்ளைகளும்

(பண்ணை ஒலிபரப்பில் வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரை)



விதைநேர்த்தி, அடியுரம், பூச்சிமருந்து என்று எத்தனையோ முறை பேசியிருக்கிறோம். இன்றைக்கு நாற்றங்காலைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, அந்த நாற்றங்கால் வரப்பில் ஓடித் திரிகிற நம் பிள்ளைகளைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

நார்த்தாமலை வட்டாரத்தில் தோட்டங்களுக்குப் போகும்போது அடிக்கடி கண்ணில் படுவது ஒன்று உண்டு. மோட்டார் கொட்டகைக்குப் பின்பக்கம், எருக்கஞ்செடிக்கு நடுவில், இற்றுப்போன ஒரு சாக்கு கிடக்கும். அதன் மேல் ஒரு கல். "அது என்னங்க?" என்று கேட்டால், "பழைய போருங்க. தண்ணி வரலைன்னு விட்டுட்டோம்" என்பார்கள். சாக்கு வெயிலில் எத்தனை நாள் தாங்கும்? ஒரு கோடையும் ஒரு ஐப்பசி மழையும் போனால் கையில் எடுத்தாலே பொடிப்பொடியாக உதிரும். கல்லைப் புரட்டிப் பார்ப்பது பிள்ளைகளுக்கு விளையாட்டு. கீழே தேள் இருக்கிறதா, ஓணான் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமே!

நம் பக்கத்தில் இப்படி விட்டுவிட்ட போர்கள் ஏன் இவ்வளவு இருக்கின்றன என்பதற்குக் காரணம் நம் கண்ணெதிரே நிற்கிறது. மேலமலையையும் கடம்பர்மலையையும் ஆளுருட்டிமலையையும் பாருங்கள். மேலே தெரிகிற அந்தக் கெட்டிப் பாறைதான் நம் வயலுக்கு அடியிலும் போகிறது. மணற்பாங்கான ஊர்களில் எங்கே துளை போட்டாலும் தண்ணீர் சுரக்கும். நமக்கு அப்படியில்லை. பாறையில் வெடிப்பு இருக்கிற இடத்தில்தான் தண்ணீர். வெடிப்பைத் தொட்டால் யோகம். பத்தடி தள்ளிப் போட்டால் புகைதான் வரும். ஆகவே ஒரே தோட்டத்தில் இரண்டு போர், மூன்று போர் போட்டுவிட்டு ஒன்றில் மட்டும் மோட்டார் இறக்கியிருப்போம். மற்றதெல்லாம் வாயைத் திறந்துகொண்டு கிடக்கும்.

இதோடு நாம் செய்கிற இன்னொரு காரியம் உண்டு. தண்ணீர் வராத போரில் கேசிங் பைப் எதற்கு, அடுத்த போருக்கு ஆகுமே என்று உருவி எடுத்துவிடுகிறோம். காசு போட்டு வாங்கிய பைப், மனசு கேட்கவில்லைதான். ஆனால் அந்தப் பைப் எதற்காக இறக்கப்பட்டது? மேலே உள்ள மண்ணும் சுக்கான் பாறையும் சரியாமல் பிடித்துக்கொள்ள. கெட்டிப் பாறை தட்டுகிற ஆழம் வரைக்கும்தான் கேசிங் போகும். அதை உருவிவிட்டால் மேல்மண் மழைக்கு மழை சரிந்து, ஆறு அங்குலத் துளையின் வாய் கூடை மாதிரி அகன்றுவிடும். மேலே அகலம், கீழே குறுகல். புனல் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை வைத்த பிள்ளை, கைகள் மேலே தூக்கினாற்போல் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். அங்கே புல்லும் முளைத்திருந்தால் பெரியவர்களுக்கே தெரியாது.

2019-ஆம் ஆண்டு அக்டோபர் 25-ஆம் தேதியை நம் ஆட்கள் மறந்திருக்க மாட்டார்கள். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, சாயங்கால நேரம். மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயது ஆண் குழந்தை, கைவிடப்பட்ட ஆழ்குழாய்க் கிணற்றில் விழுந்தது. முதலில் சுமார் 26 அடியில் நின்ற பிள்ளை, பிறகு 88 அடி வரை நழுவியது. தீயணைப்புத் துறையினர் வந்தார்கள், தேசிய, மாநிலப் பேரிடர் மீட்புப் படையினர் வந்தார்கள், பெரிய பெரிய துளையிடும் இயந்திரங்கள் வந்தன. பக்கத்திலேயே இன்னொரு குழி தோண்டிப் போய்ப் பிள்ளையை எடுத்துவிடலாம் என்று முயன்றார்கள். பாறை விடவில்லை. ஊர் உலகமெல்லாம் தொலைக்காட்சிப் பெட்டி முன் உட்கார்ந்திருந்தது. 29-ஆம் தேதி விடியுமுன் உயிரற்ற உடலைத்தான் மேலே கொண்டுவர முடிந்தது.

அரியானா மாநிலம் குருட்சேத்திரப் பகுதியில் 2006 ஜூலையில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் இப்படி விழுந்து, ஏறத்தாழ 50 மணி நேரம் கழித்து உயிரோடு மீட்கப்பட்டான். அங்கே பக்கக் குழியிலிருந்து குடைந்து போய் எடுத்தார்கள். ஆனால் அதை நம்பி நாம் இருக்க முடியாது. நடுக்காட்டுப்பட்டியில் இயந்திரத்தைத் தடுத்த மாதிரிப் பாறைதான் நம் காலடியிலும். நம் பூமியில் மீட்பு என்பது ரொம்பக் கடினம். மூடுவது ஒன்றுதான் வழி.

"பிள்ளையைக் கண்ணும் கருத்துமாப் பார்த்துக்கிட்டா ஆச்சு" என்று சிலர் சொல்வார்கள். நடவு வயலில் முதுகு நிமிர நேரமில்லாத தாயைப் பார்த்து இதைச் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. இரண்டு வயதுப் பிள்ளை கண் இமைக்கிற நேரத்தில் இருபதடி ஓடிவிடும். காவல் குழிக்குப் போட வேண்டும். குழி எங்கும் ஓடாது.

உச்ச நீதிமன்றம் 2010-ஆம் ஆண்டு இதற்கென்றே நெறிமுறைகள் வகுத்துத் தந்திருக்கிறது. போர் போடுவதற்கு 15 நாள் முன்பே நில உடைமையாளர் எழுத்து மூலம் தகவல் தர வேண்டும். வேலை நடக்கிற இடத்தில் பலகை வைத்து, சுற்றிலும் முள்கம்பி வேலியோ தகுந்த தடுப்போ போட வேண்டும். கேசிங்கைச் சுற்றி அரை மீட்டருக்கு அரை மீட்டர் சிமெண்டு மேடை, தரைக்கு மேல் 30 சென்டிமீட்டர், தரைக்குள் 30 சென்டிமீட்டர். பைப்பின் வாயில் இரும்புத் தகட்டைப் பற்றவைக்க வேண்டும், இல்லையேல் போல்ட்டு நட்டு போட்டுக் கெட்டியான மூடி. மோட்டாரைப் பழுதுக்குத் தூக்கியிருக்கும் நாட்களிலும் வாய் திறந்திருக்கக் கூடாது. இதைத்தான் நாம் ரொம்பவும் கோட்டை விடுகிறோம். "நாளைக்கு மெக்கானிக் வர்றாருங்க, அதுவரைக்கும்தான்" என்போம். மெக்கானிக் நாலு நாள் கழித்து வருவார். தமிழக அரசும் 2015-இல் ஊராட்சிப் பகுதிகளில் கிணறு தோண்டுவதற்கும் பாதுகாப்புக்கும் விதிகள் கொண்டுவந்தது. போர் லாரிக்காரரிடம் அடிக்கு இவ்வளவு என்று பேரம் பேசும்போதே, தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் மூடி போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று சேர்த்துப் பேசிவிடுங்கள். சகதிக்கு வெட்டிய குழியையும் அவரே மூடட்டும்.

இனி வேண்டவே வேண்டாம் என்று ஆகிவிட்ட போரை எப்படித் தூர்ப்பது? மேலாக இரண்டு கூடை மண்ணைக் கொட்டிவிட்டு வரப்பு மாதிரி மிதித்துவிட்டால் போதாது. ஈர மண் பாதி வழியில் அடைத்துக்கொண்டு நிற்கும். அடியில் வெற்றிடம் இருக்கும். நல்ல மழை ஒன்று பெய்தால் அந்த அடைப்பு இறங்கிவிடும், மறுபடியும் வாய் திறக்கும். களிமண், மணல், கூழாங்கல், துளை போடும்போது வந்த கல்தூள் இவற்றைக் கொண்டு அடியிலிருந்து தரைமட்டம் வரை நிரப்ப வேண்டும். மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். அளவுக் கயிற்றில் கல்லைக் கட்டி விட்டு நிரம்பி வருகிறதா என்று பாருங்கள். இரண்டு மழை கழித்து மறுபடி போய்ப் பார்த்து, தாழ்ந்திருந்தால் இன்னும் போடுங்கள்.

தூர்க்க மனம் வராதவர்கள், கேசிங் நல்ல நிலையில் இருந்தால், மழைநீரை உள்ளே விடும் போராக மாற்றலாம். பைப்பைச் சுற்றிப் பள்ளம் வெட்டி, பைப்பில் துளையிட்டு நைலான் வலை சுற்றி, பள்ளத்தில் உடைகல், ஜல்லி, மணல் என்று அடுக்கடுக்காக நிரப்ப வேண்டும். வாய்க்கு மூடி அப்போதும் கட்டாயம். உரமும் மருந்தும் கலந்த வயல் தண்ணீரை மட்டும் அதில் விடாதீர்கள். அது நாம் குடிக்கிற தண்ணீருக்கே போய்ச் சேரும்.

அடுத்தது திறந்த வெட்டுக் கிணறு. பழைய தோட்டக் கிணறுகளில் மூன்று பக்கம் கைப்பிடிச் சுவர் இருக்கும், கமலை இறைத்த பக்கம் மட்டும் இருக்காது. சால் மேலே வர வேண்டும், கவிழ வேண்டும். அதற்காக விட்ட வழி. கமலை போய் மோட்டார் வந்து எத்தனை காலம் ஆயிற்று! மாடும் இல்லை, சாலும் இல்லை, அந்தத் திறப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. நாலடி உயரத்துக்கு ஒரு சுவர் எழுப்பிவிடலாம். முடியாதவர்கள் கல்லுக்கால் நட்டுக் கம்பி வலையாவது கட்டுங்கள். முள் வெட்டிப் போடுவது கொஞ்ச நாளைக்குத்தான். காய்ந்தால் அடுப்புக்குப் போய்விடும்.

நம் ஊருக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பங்குனியில் முத்துமாரியம்மன் திருவிழாவுக்கு உறவுமுறைப் பிள்ளைகளெல்லாம் வெளியூரிலிருந்து வந்து இறங்குவார்கள். உள்ளூர்ப் பிள்ளைக்கு எந்தக் கிணறு ஆழம், எந்தப் படி வழுக்கும் என்று தெரியும். பட்டணத்துப் பிள்ளைக்கு எதுவும் தெரியாது. ஆனால் நம் பிள்ளை குதிப்பதைப் பார்த்து அவனும் குதிப்பான். திருவிழா முடிந்த கையோடு கோடை விடுமுறை. கல் உடைத்துவிட்ட குவாரிப் பள்ளங்களில் தண்ணீர் பச்சைப்பசேலென்று நிற்கும். கரையில் சரிவே கிடையாது, காலை வைத்தால் நேரே ஆழம்தான். வண்டல் எடுத்த கண்மாயிலும் போன வருஷம் முழங்கால் அளவு இருந்த இடம் இந்த வருஷம் ஆளை முழுக்கும். பெரிய பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுங்கள், பெண் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஆனால் நீச்சல் தெரியும் என்பதால் குவாரிப் பள்ளத்துக்கு அனுப்பிவிடாதீர்கள்.

ஒவ்வொரு கிணற்றடியிலும் நீளமான ஒரு கயிறு, அதன் நுனியில் மூடி இறுக்கிய காலி பிளாஸ்டிக் கேன் ஒன்று கட்டித் தொங்கட்டும். கேன் தண்ணீர் கேனாகவோ எண்ணெய்க் கேனாகவோ இருக்கட்டும், மருந்துக் கேன் வேண்டாம். யாராவது தத்தளித்தால் அதை வீசலாம். நீச்சல் தெரியாதவர் பதறிக் குதித்து, ஒன்றுக்கு இரண்டாகப் போகிற விபரீதம் வேண்டாம். தூக்கிய பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவதும், வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் தப்பு. நேரம்தான் வீணாகும். மூச்சு இல்லையென்றால் மல்லாக்கப் படுக்கவைத்து, தலையைச் சற்றுப் பின்னே சாய்த்து, வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும். பிறகு நெஞ்சின் நடுவில் அழுத்தி அழுத்தி விட வேண்டும். 108 வண்டி வரும்வரை மாற்றி மாற்றிச் செய்துகொண்டே இருங்கள்.

வங்கதேசம் குளமும் குட்டையும் நிறைந்த நாடு. வேலை மும்முரமான காலை நேரத்தில்தான் சின்னப் பிள்ளைகள் தண்ணீரில் தவறுகிறார்கள் என்று கண்டு, அங்கே கிராமம்தோறும் ஒரு வீட்டில் காலை 9 மணி முதல் பகல் 1 மணி வரை பிள்ளைகளைச் சேர்த்து வைத்துப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்தார்கள். அதற்கு 'ஆஞ்சல்' என்று பெயர். வங்காள மொழியில் முந்தானை என்று அர்த்தம். நல்ல பலன் கிடைத்திருக்கிறது. நமக்கு அங்கன்வாடி இருக்கிறது. இன்னும் பல பேர் பால்வாடி என்றுதான் சொல்கிறோம், பேர் எதுவானால் என்ன, அனுப்பினால் சரி. அங்கே போகும் வயது வராத கைப்பிள்ளைகளுக்கு, பத்துப் பேர் நடவு நடுகிற இடத்தில் ஒரு அம்மாவைப் பிள்ளை பார்க்க நிறுத்திவிட்டு அவருக்கும் முழுக்கூலி கொடுங்கள். நூறு நாள் வேலைக்காக 2005-இல் போட்ட சட்டத்தில்கூட, ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ வந்தால் ஒரு பெண்ணை அவர்களைப் பார்த்துக்கொள்ள அமர்த்தி, மற்றவர்களைப் போலவே கூலி தர வேண்டும் என்று எழுதினார்கள். ஒரு ஆள் கூலி கூடுதலாகுமே என்று நிலக்காரர் கணக்குப் பார்க்கலாம். அந்தப் பத்துத் தாய்மாரும் திரும்பித் திரும்பி வரப்பைப் பார்க்காமல் நடுவார்கள், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டிராக்டர் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மட்கார்டில் பிள்ளையை உட்காரவைப்பது செல்லம் அல்ல. வரப்பில் ஏறி இறங்கும் ஒரு குலுக்கலில் பிள்ளை விழுவது பின் சக்கரத்துக்கும் ரொட்டவேட்டருக்கும் முன்னால்தான். பின்னால் சுழலும் அந்தத் தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது ஒரு நொடிக்கு ஒன்பது. தாவணியோ துண்டோ நுனி பட்டுவிட்டால், 'ஐயோ' என்று கத்தி முடிப்பதற்குள் இழுத்துவிடும். அதன் மேல்மூடியைக் கழற்றி மூலையில் போட்டிருப்பவர்கள் திரும்ப மாட்டிவிடுங்கள். பத்தாவது படிக்கிற பையன் நன்றாக ஓட்டுகிறான் என்று பெருமைப்படுகிறவர்களுக்கு ஒரு செய்தி. உரிமம் 18 வயதில்தான். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, வயது வராத பிள்ளை சாலையில் ஓட்டிக் குற்றமானால் பெற்றோருக்கோ வண்டிச் சொந்தக்காரருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு.

கடைசியாகப் பூச்சிமருந்து. குளிர்பானப் பாட்டிலில் மருந்தை ஊற்றி வைக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. கடையில் சில்லறையாக வாங்கும்போதும், பக்கத்துத் தோட்டத்துக்குக் கைமாற்றாகக் கொடுக்கும்போதும் இது நடக்கிறது. பிள்ளைக்கு அது மருந்து இல்லை, கலர்தான். வந்த பாட்டிலிலேயே வைத்து, வீட்டுக்கு வெளியே பூட்டுகிற பெட்டியில், கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். லேபிளில் சிவப்பு முக்கோணம் என்றால் மிகக் கொடிய விஷம், மஞ்சள் அதற்கு அடுத்தது, பிறகு நீலம், பிறகு பச்சை. பச்சை என்பதால் பரவாயில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. காலிப் பாட்டிலை மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரையும் தெளிப்பானிலேயே ஊற்றி, பாட்டிலைக் குத்திக் கிழித்துவிடுங்கள். இல்லாவிட்டால் அது பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகும் பாட்டிலாகிவிடும். மருந்து அடித்துவிட்டு வந்ததும் ஓடிவருகிற பிள்ளையை அந்தச் சட்டையோடு தூக்காதீர்கள். குளித்துவிட்டுத் தூக்குங்கள்.

தப்பித்தவறிப் பிள்ளை குடித்துவிட்டால் உப்புக் கரைசல், புளிக்கரைசல் என்று எதையும் கொடுத்து வாந்தி எடுக்கவைக்க வேண்டாம். சட்டையைக் கழற்றி, மேலே பட்ட இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, 108-ஐ அழைத்து நேரே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். எந்த மருந்து என்று தெரிந்தால்தான் டாக்டர் அதற்கேற்ற மாற்று மருந்தைப் போட முடியும். ஆகவே அந்தப் பாட்டிலையும் லேபிளோடு கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.