அயல்நாட்டுப் பயிற்சியும் அதனை நடத்துவோரும்
(விழாவின் கல்விப் பரிசளிப்பு அரங்கில் ஆற்றிய உரை)

 

இன்று நம் குடும்பங்களில் பிள்ளைகளைப் பற்றிய பேச்சு எழுந்தால், அது பெரும்பாலும் கடல் கடந்துதான் செல்கின்றது. முன்பெல்லாம் மேற்படிப்புக்குச் சென்றனர். இன்று படிக்கும்போதே இரண்டு மாதம், ஆறு மாதம் என்று அயல்நாட்டுப் பணிப்பயிற்சிக்கும் தலைமைப் பண்புப் பயிற்சிக்கும் செல்கின்றனர். 'இன்டர்ன்ஷிப்' என்ற சொல் நம் வீட்டுத் திண்ணைக்கே வந்துவிட்டது. எந்த நாடு, எவ்வளவு செலவு, சான்றிதழ் கிடைக்குமா என்று கேட்கின்றோம். ஆனால் ஒரு கேள்வியை மட்டும் கேட்க மறந்துவிடுகின்றோம். அந்தப் பயிற்சியை நடத்துபவர் யார்? அந்தக் கேள்வியைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன்.

இத்தகைய முயற்சிகள் நேற்று முளைத்தவை அல்ல. 1932ஆம் ஆண்டு, முதல் உலகப் போரின் புண் இன்னும் ஆறாத காலம். அமெரிக்காவின் சைரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டொனால்டு வாட் என்பவர், 23 இளைஞர்களைத் தம்முடன் ஐரோப்பாவுக்கு அழைத்துச் சென்றார். பல நாட்டு இளைஞர்களும் ஒன்றாகத் தங்கினால் பகை நீங்கி நட்பு மலரும் என்பது அவர் எண்ணம். சுவிட்சர்லாந்தில் முகாம் அமைத்தார். நடந்தது வேறு. ஒரே முகாமில் உண்டும் உறங்கியும் வாழ்ந்தபோதிலும், அவரவர் தத்தம் மொழிக்காரரோடு மட்டுமே கூடிக்கொண்டனர்.

இங்கேதான் தலைமையின் இலக்கணத்தைக் காண்கின்றோம். வாட் மாணவர்களைக் குறை கூறவில்லை; தம் திட்டத்தையே மாற்றினார். கூட்டமாகத் தங்குவதை விடுத்து, ஒவ்வொரு மாணவரையும் ஒரு குடும்பத்தின் பிள்ளையாகத் தங்கச் செய்தார். காலையில் அந்த வீட்டாருடன் உண்ண வேண்டும். மாலையில் அவர்தம் மொழியில் பேச வேண்டும். ஒதுங்கிக்கொள்ளத் தன் கூட்டம் அருகில் இராது. இன்று உலகெங்கும் மாணவர் பரிமாற்றத்தில் வழங்கும் 'இல்லத் தங்கல்' முறை வேரூன்ற அவருடைய முயற்சி பெருங்காரணமாயிற்று. அதற்கு அவர் இட்ட பெயரும் பொருத்தமானது: 'பன்னாட்டு வாழ்க்கைச் சோதனை'. முடிவு தெரிந்த ஒன்றை யாரும் சோதனை என்று அழைப்பதில்லை அல்லவா?

அந்தச் சோதனையில் ஒரு மாணவராகச் சேர்ந்து 1934இல் ஜெர்மனிக்குச் சென்றவர் சார்ஜென்ட் ஷ்ரைவர். பின்னர் அவரே குழுத் தலைவராக இளைஞர்களை அழைத்துச் சென்றார். 1961இல் அமெரிக்க அரசு 'அமைதிப் படை' என்னும் தொண்டர் அமைப்பை உருவாக்கியபோது, அதன் முதல் இயக்குநர் அவரே. அந்தத் தொண்டர்கள் இந்தியாவிலும் 1976 வரை பணியாற்றினர். ஒரு குழுவுக்குப் பொறுப்பேற்ற இளைஞரின் அனுபவம், கால் நூற்றாண்டுக்குப் பின் ஒரு பெரும் நிறுவனமாகக் கிளைத்த வரலாறு இது.

மற்றொரு வரலாறும் கேளுங்கள். இரண்டு உலகப் போர்களிலும் காயமுற்றோரை ஆம்புலன்ஸ் வண்டிகளில் ஏற்றிச் சென்ற அமெரிக்கத் தன்னார்வலர்கள் 'அமெரிக்கன் ஃபீல்ட் சர்வீஸ்' என்ற அமைப்பைச் சேர்ந்தவர்கள். போர் முடிந்தது, வண்டிகளுக்கு வேலை இல்லை. அமைப்பைக் கலைத்துவிட்டு வீடு திரும்பியிருக்கலாம். ஸ்டீபன் கலாட்டி என்பவர் தலைமையில் அவர்கள் வேறு முடிவெடுத்தனர். காயம்பட்டவரைத் தூக்கிச் செல்வதைவிடக் காயமே நேராமல் தடுப்பது மேல் என்று கருதினர். 1947ஆம் ஆண்டு 10 நாடுகளிலிருந்து 52 பள்ளி மாணவர்களை அமெரிக்கக் குடும்பங்களுக்கு அழைத்து வந்தனர். போரின் கொடுமையைக் கண்ணால் கண்டவர்களே பள்ளிப் பிள்ளைகளின் காவலர்களாயினர்.

இவை இரண்டும் தங்கிப் பழகும் திட்டங்கள். தொழில் கற்கும் பணிப்பயிற்சிக்கு வருவோம். 1948 ஜனவரியில் இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஐரோப்பிய நாடுகள் பத்தின் பேராளர்கள் கூடினர். அக்கல்லூரியைச் சேர்ந்த ஜேம்ஸ் நியூபி இம்முயற்சியின் உயிர்நாடி. அன்று பிறந்ததுதான் 'ஐயெஸ்டே' என்று சுருக்கமாக வழங்கும் தொழில்நுட்ப மாணவர் பரிமாற்றச் சங்கம். அடுத்த மாதமே செக்கோஸ்லோவாக்கியாவில் ஆட்சி மாறியது; ஐரோப்பா இரு கூறாகப் பிளந்தது. ஆயினும் சங்கம் வளர்ந்தது. யுகோஸ்லாவியா, போலந்து போன்ற நாடுகளும் பின்னர் அதில் இணைந்தன.

அதன் செயல்முறையை நம் மாணவர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். ஒரு நாட்டின் பொறுப்பாளர் தம் ஊர்த் தொழிற்சாலைகளையும் ஆய்வகங்களையும் தேடிச் சென்று, "அயல்நாட்டு மாணவர் ஒருவருக்குச் சில வாரம் பணி தாருங்கள்; அவர் உண்டு உறைய ஊதியமும் தாருங்கள்" என்று கேட்டுப் பெறுவார். அவ்வாறு பெற்ற இடங்களோடு ஆண்டு மாநாட்டுக்குச் செல்வார். அங்கே இடத்துக்கு இடம் என்று கைமாற்றிக்கொள்வர். நம் ஊரில் யாரோ ஒரு வெளிநாட்டுப் பிள்ளைக்கு ஓர் இடம் தேடித் தந்தால், நம் பிள்ளைக்கு வெளிநாட்டில் ஓர் இடம் கிடைக்கும். கொடுக்காதவருக்குப் பெறும் உரிமை இல்லை. எத்துணை நேர்மையான ஏற்பாடு! இந்தியாவில் இச்சங்கத்தின் பணி மணிப்பாலிலிருந்து நடைபெறுகின்றது.

அதே 1948ஆம் ஆண்டில் உருவான மற்றோர் அமைப்பு 'ஐசெக்'. பொருளியலும் வணிகமும் பயின்ற மாணவர்கள் தாமே தொடங்கித் தாமே நடத்திய அமைப்பு இது. முதல் ஆண்டுப் பரிமாற்றத்தில் பங்கேற்றவர்கள் 89 பேர் மட்டுமே. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில், சென்னை உட்பட, அதன் கிளைகள் இயங்குகின்றன. பின்லாந்தின் குடியரசுத் தலைவராக விளங்கியவரும், 2008இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவருமான மார்ட்டி அட்டிசாரி தம் இளமையில் இவ்வமைப்பில் பணியாற்றியவர். நமீபியாவின் விடுதலையிலும், 2005இல் ஆச்சே மாநிலத்தின் உடன்பாட்டிலும் பகைவர்களை ஒரே மேசையில் அமர்த்திய பெருமகனார் அவர்.

இவ்வமைப்பில் ஒரு சிறப்பும் உண்டு. ஒரு குறையும் உண்டு. பொறுப்பாளர்கள் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒருமுறை மாறுகின்றனர். இருபது வயதுப் பிள்ளை அலுவலகம் நடத்தவும், நிறுவனத்தாரோடு பேசவும், கணக்குக் காட்டவும் கற்கின்றது. அது சிறப்பு. ஆனால் ஒருவர் கற்றுத் தேறும் வேளையில் அடுத்தவர் வந்துவிடுகின்றார். சென்ற ஆண்டு அளித்த வாக்குறுதியை இந்த ஆண்டுப் பொறுப்பாளர் அறியாமல் போகவும் கூடும். ஆகவே இளைஞர் நடத்தும் அமைப்புகளில், விலகிச் செல்பவர் தமக்குப் பின் வருபவரை எவ்வாறு பழக்கினார் என்பதே தலைமையின் உரைகல். தாம் இல்லாதபோதும் பணி நடக்குமாறு செய்தவரே தலைவர்.

மேற்கூறியவை நல்லவர் நடத்திய நல்ல திட்டங்கள். எல்லாம் அவ்வாறு இல்லை. என்னிடம் தமிழ் பயின்ற மாணவன் ஒருவன், பெயர் வேண்டாம், ஒரு முகவர் வழியாக அயல்நாட்டுப் பயிற்சிக்குச் சென்றான். அவன் தந்தை நகையை அடகு வைத்துப் பணம் கட்டினார். விடுதி மேலாண்மைப் பயிற்சி என்று சொல்லி அழைத்துச் சென்றனர். அங்கே அவன் மூன்று மாதமும் துணி துவைக்கும் கூடத்தில் நின்றான். பாத்திரம் கழுவுவதும் துணி துவைப்பதும் இழிவு அல்ல. பயிற்சி என்று சொல்லி அதை விற்றதே இழிவு. முறையிட ஒருவர் இருந்தாரா என்று கேட்டேன். "ஐயா, விமான நிலையத்தில் பெட்டியை வாங்கி வைத்தவரை அதன் பிறகு நான் பார்க்கவே இல்லை" என்றான். அந்த ஒரு தொடரில் அனைத்தும் அடங்கிவிட்டது.

ஆகவே பெற்றோர்களே, பணம் கட்டும் முன் சில கேள்விகளைக் கேளுங்கள். என் பிள்ளை இறங்கும் ஊரில் அவனை எதிர்கொள்பவர் யார்? அவருடைய பெயரும் தொலைபேசி எண்ணும் எழுத்தில் கிடைக்குமா? நாள்தோறும் அவன் செய்யப்போகும் வேலை என்ன, மேற்பார்வையாளர் யார்? நாங்கள் கட்டும் தொகையில் எவ்வளவு தங்கலுக்கு, எவ்வளவு நடத்துவோருக்கு? பிள்ளைக்கு ஊதியம் உண்டா, இல்லையா? இடையில் உடல்நலம் கெட்டால் மருத்துவமனைக்கு உடன் செல்பவர் யார்? சென்ற ஆண்டு சென்று வந்த மாணவர் இருவரோடு நாங்கள் பேசலாமா? நல்ல பொறுப்பாளர் இக்கேள்விகளைக் கேட்டு மகிழ்வார், அல்லாதவர் சினப்பார். அச்சினமே உங்களுக்குரிய விடை.

நம் குடும்பங்களுக்கு உரிய கேள்வி ஒன்றும் உண்டு. புலால் உண்ணும் வீட்டில் தங்கும் பிள்ளை எதை உண்பான்? கிழங்கு வகைகளை நீக்கியும், பொழுது சாயும் முன்னும் உண்பவன் என்றால் அவன் என் செய்வான்? இதைக் கேட்க நாணுதல் வேண்டா. தேர்ந்த பொறுப்பாளர் பிள்ளை புறப்படும் முன்பே அந்த வீட்டாருக்கு எழுதி, இசைவு பெற்று வைப்பார். "அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்பவர் பொறுப்பைப் பிள்ளையின் தலையில் ஏற்றுகின்றார் என்று அறிக. பிள்ளையும் தன் பங்குக்குச் சோறு வடிக்கவும், ஒரு குழம்பு வைக்கவும் கற்றுக்கொண்டு செல்வது நன்று. தன் நெறியைத் தானும் காத்து, விருந்தளிப்பவரையும் வருத்தாமல் வாழ்வதும் ஒரு தலைமைப் பயிற்சியே.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு ஒரு சொல். தலைமைப் பயிற்சிக்கு விமானம் ஏற வேண்டும் என்பதில்லை. உங்கள் கல்லூரிக்கு அயல்நாட்டு மாணவர் ஒருவர் வந்தால், நள்ளிரவானாலும் தொடர்வண்டி நிலையம் சென்று அவரை எதிர்கொள்ளுங்கள். சிம் அட்டை வாங்க உடன் செல்லுங்கள். காய்ச்சல் என்றால் அருகில் இருங்கள். உங்கள் ஊர் ஆலை உரிமையாளரிடம் பேசி அவருக்கு ஓர் இடம் கேளுங்கள். சிறிது காலம் சென்றதும், அவர் தாமே நடக்கத் தொடங்குவார். அப்போது விலகி நில்லுங்கள். எதிர்கொள்ளுதல், உடனிருத்தல், விலகி நிற்றல் என்னும் இம்மூன்றையும் காலமறிந்து செய்யத் தெரிந்தவரிடமே தம் பிள்ளையை ஒரு தாய் நம்பி ஒப்படைப்பாள். அத்தகையோர் நம் சமூகத்தில் பலராகப் பெருக வேண்டும் என்று வேண்டுகின்றேன்.