ஒற்றுத்துறைக்குச் சட்டம் எங்கே?

(ஊழியர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் ஒரு பகுதி)



நமது கூட்டம் எங்கே நடந்தாலும், மேடையை ஒட்டி நின்று குறிப்பெடுக்கும் நண்பர் ஒருவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர்மீது எனக்கு வருத்தமில்லை. மாதச் சம்பளத்திற்கு உழைக்கும் அவரும் ஒரு தொழிலாளிதான். அவர் எழுதும் குறிப்பு எங்கே போகிறது, எந்தச் சட்டத்தின்படி போகிறது என்பதுதான் என் கேள்வி.

1887 டிசம்பரில் வெள்ளை ஏகாதிபத்தியம் இத்துறைக்கு அடிக்கல் நாட்டியது. தக்கர்களையும் கொள்ளைக்காரர்களையும் ஒடுக்க ஏற்பட்டிருந்த இலாகாவிற்குள்ளேயே, மத்திய விசேஷப் பிரிவு என்ற ஒன்றைத் திறந்தார்கள். காலத்தைக் கவனியுங்கள்! காங்கிரஸ் மகாசபை பிறந்து இரண்டே ஆண்டுகள். கொள்ளைக்காரனைத் தேடிய கண், அரசியல் பேசியவன் பக்கம் திரும்பிற்று. 1904-இல் கர்ஸான் பிரபு அதை விரிவாக்கினார். 1920-இல் ‘இன்டெலிஜென்ஸ் பீரோ’ என்ற இன்றைய பெயர் வந்தது.

அந்தக் கண்ணுக்குத் தப்பியவர் யார்? 1908 முதல் பத்தாண்டுகள் புதுவையில் அடைக்கலம் புகுந்திருந்த பாரதியை ஒற்றர்கள் நிழல்போல் தொடர்ந்தனர். 1923-இல் சென்னையில் மே தினக் கொடியேற்றிய சிங்காரவேலர், அடுத்த ஆண்டே கான்பூர் சதி வழக்கில் குற்றவாளியாக்கப்பட்டார். நோயுற்ற அந்த முதியவரைக் கான்பூருக்கு இழுத்துச் செல்ல இயலவில்லை. டாங்கே, முசாபர் அகமது முதலிய நால்வர் நான்காண்டுச் சிறை பெற்றனர். சாட்சியம் என்ன? துப்பாக்கியா, வெடிகுண்டா? தபாலில் பிரித்துப் படமெடுத்த கடிதங்கள்! 1929-இல் மீரத்திலும் அதே கதைதான். அந்நாளில் பீரோவின் தலைவராயிருந்த டேவிட் பெட்ரி, பின்னாளில் 1941-இல் பிரிட்டனின் உள்நாட்டு ஒற்றுத்துறைக்கே தலைவரானார். இங்கே பயின்ற வித்தை அங்கே பதவி தந்தது.

1947-இல் கொடி மாறியது. சஞ்சீவி பிள்ளை முதல் இந்தியத் தலைவரானார். கோப்புகள் மட்டும் மாறவில்லை. நேதாஜியின் குடும்பத்தாரை 1948 முதல் 1968 வரை இதே துறை வேவு பார்த்தது என்பதை 2015-இல் வெளிவந்த கோப்புகள் காட்டின. தேசத்துக்காக வீட்டைத் துறந்தவனின் வீட்டுக் கடிதங்களைச் சுதந்திர சர்க்கார் இருபதாண்டு காலம் பிரித்துப் படித்தது. அவசரநிலைக் காலத்தில் இத்துறை அரசியலுக்குப் பயன்பட்ட விதத்தை ஷா கமிஷனும் எடுத்துக் காட்டியது.

அன்னிய உளவையும் பயங்கரவாதத்தையும் தடுக்க ஒரு துறை வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும், யார் மறுத்தார்கள்? பிரிட்டன் 1909-இல் தொடங்கிய தன் ஒற்றுத்துறைக்கு எண்பதாண்டு கழித்தாவது, 1989-இல், ஒரு சட்டம் செய்தது. நமது அரசமைப்பின் 7-ஆவது அட்டவணை, மத்தியப் பட்டியலின் 8-ஆவது இனத்தில், இத்துறை பற்றிச் சட்டமியற்றும் அதிகாரத்தைப் பாராளுமன்றத்திற்கு அளித்திருக்கிறது. அதிகாரம் இருக்கிறது, துறையின் கடமையையும் எல்லையையும் வகுக்கும் சட்டம் இல்லை! 1985-இல் ஒரு சட்டம் வந்தது உண்மை. எதற்காக? ஒற்றுத்துறை ஊழியர் சங்கம் அமைக்கும் உரிமையைக் கட்டுப்படுத்துவதற்காக! 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டமோ, ஊழல், மனித உரிமை மீறல் பற்றிய புகார்கள் நீங்கலாக, இத்துறைக்கு விலக்களித்துவிட்டது. 2011-இல் மக்களவையில் மணீஷ் திவாரி கொணர்ந்த தனிநபர் மசோதா சட்டமாகவில்லை.

ஆகவே நாம் கேட்பது மூன்று: துறைக்கு ஒரு சட்டம், அதைக் கேள்வி கேட்க எதிர்க்கட்சியும் அமர்ந்த பாராளுமன்றக் குழு, காலம் கடந்த கோப்புகளைத் திறக்க ஒரு விதி. மேடையருகே நிற்கும் நண்பர் இதையும் பிழையின்றி எழுதிக்கொள்ளட்டும்.