கண்ணை மூடாதே



முதலாண்டில் மூன்று அரியர் வைத்தவன் நான். படிப்பே வேண்டாம் என்று பெட்டி கட்டிய என்னை, விடுதி நண்பன்தான் தூத்துக்குடிக் கடற்கரையில் சிலம்பம் பழக இழுத்துப் போனான். ஆசான் கம்பைத் தரவேயில்லை. ஒரு மாதம் மணலில் வெறும் காலடி. "கால் நிக்கலைன்னா கம்பு என்னத்துக்குலே?" என்பார்.

கம்பு வந்ததும் அடியும் வந்தது, விரல் முட்டியில். அடி விழுமுன்பே நான் கண்ணை மூடுவதுதான் அவருக்குக் கவலை. "மூடினா அடுத்ததும் விழும்லா? வர்ற கம்பைப் பாரு." அந்தப் பழக்கம் போக ஆறு மாதமாயிற்று. (அதற்குள் இரண்டு அரியர் தேறியது. அது ஆசான் கணக்கா, நண்பனின் நோட்டுக் கணக்கா, தெரியவில்லை!)

மூன்றாவது மறுபடியும் போனபோது, ஆசான் என்னைப் பாஞ்சாலங்குறிச்சிக்குக் கூட்டிப் போனார். 1799-இல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கும்பினியார் கோட்டையையும் இடித்துவிட்டார்கள். 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய ஊமைத்துரை, சில நாட்களிலேயே அங்கே மண்கோட்டை எழுப்பினார். மார்ச்சில் தாக்கிய கும்பினிப் படை அதைப் பிடிக்க முடியாமல் பின்வாங்கியது. மே மாதம் கோட்டை விழத்தான் செய்தது. ஆனாலும், பொறியாளனாகச் சொல்கிறேன், அந்த மண்சுவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஓர் இரவு கிரேன் நின்றுபோனது. கப்பல் காத்திருக்கிறது, ஆளாளுக்குக் கத்துகிறார்கள். நான் முதலில் குனிந்து என் காலைத்தான் பார்த்தேன். நின்றுகொண்டுதான் இருந்தது.