முள்ளந்தண்டு பத்திரம்

ஹட்டன், நுவரெலியா மலைச்சரிவுகளில் கொழுந்து பறிக்கையில் வழுக்கி விழுவதும், மரக்கிளை வெட்டுகையில் தவறி விழுவதும் உண்டு. முள்ளந்தண்டுக்குள் இருக்கும் தண்டுவடம் நசுங்கினால் கால்கள் செயலிழக்கலாம். அது தானாகப் பழைய நிலைக்குத் திரும்புவது அரிது.

2021 டிசம்பரில் ஜப்பானின் கெய்யோ பல்கலைக்கழகம், ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த நரம்புச் செல்களை அடிபட்ட இடத்திலேயே செலுத்திப் பார்க்கத் தொடங்கியது. 2025 மார்ச்சில் முடிவை அறிவித்தார்கள்: சிகிச்சை பெற்ற நால்வரில் இருவருக்கு அசைவு மேம்பட்டது; ஒருவர் எழுந்து நின்றார்.

நம்பிக்கை தரும் செய்திதான். ஆனாலும் இது இன்னும் ஆய்வே. உடனே குணமாக்குவதாகச் சொல்லிப் பணம் கேட்பவர்களிடம் நகையை அடகு வைத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

விழுந்தவரைத் தூக்கி உட்கார வைக்காதீர்கள். கழுத்தும் முதுகும் அசையாமல் பார்த்துக்கொண்டு 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள்.