பறவை அன்பர்களின் சகவாசம்

பட்சிகளைத் தனியே நின்று பார்ப்பதிலும் ஆனந்தம் உண்டெனினும், மரக்கிளையின் மறைவிலிருந்து வரும் குரலைக் கேட்ட மாத்திரத்தில் அது குக்குறுவானுடையதென்று சொல்லவல்ல அனுபவசாலி ஒருவர் அருகில் இருப்பாரானால், பல வருஷங்களில் சேரும் ஞானம் சில காலைப் பொழுதுகளிலேயே கைகூடிவிடும். அத்தகைய சகவாசத்தை நாடும் சென்னைவாசிகளுக்கு, 1978-இல் ஸ்தாபிக்கப்பட்ட மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி இருக்கிறது. சங்கமில்லாத ஊர்களில் வசிப்போர், ஆண்டுதோறும் பொங்கல் தினங்களில் தமிழகமெங்கும் நடைபெறும் பறவைக் கணக்கெடுப்பில் கலந்துகொண்டால், தம் ஜில்லாவின் பறவை ஆர்வலர்கள் எளிதில் அறிமுகமாவார்கள். பட்சி சாஸ்திரம் பயின்றிருக்க வேண்டுமென்ற நிபந்தனை ஏதுமில்லை. அதிகாலையில் எழும் வழக்கமும் மௌனமாக நிற்கும் பொறுமையுமே போதும். ஆகவே, நேயர்களே, வரும் பொங்கலன்று ஒரு நோட்டுப் புத்தகத்துடன் உங்கள் ஊர் ஏரிக்கரைக்குச் செல்லுங்கள். குழந்தைகளையும் அவசியம் அழைத்துச் செல்லுங்கள்.