பழுது பார்க்க வந்தவர் பழுதாக்கிவிட்டுப் போனால்

(நமது அறக்கட்டளையின் மாதாந்திரக் குடும்பக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





வாரண்டி உள்ள ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், செல்போன் ரிப்பேருக்குப் போகிறது. ரிப்பேரும் சரியாகிவிடுகிறது. ஆனால் கொடுக்கும்போது இல்லாத ஒரு நெளிவு, ஒரு கீறல், ஒரு வெடிப்பு வாங்கும்போது இருக்கிறது. கேட்டால் வரும் பதில் நம் எல்லோருக்கும் மனப்பாடம். "இது பிசிக்கல் டேமேஜ், வாரண்டியில் வராது." நாமும் நஸீபை நொந்துகொண்டு திரும்பிவிடுகிறோம்.

அந்தப் பதிலில் பொய் இல்லை. தயாரிப்பில் உள்ள குறைக்குக் கம்பெனி கொடுக்கும் வாக்குதான் வாரண்டி. நாம் கீழே போட்டு உடைத்தால் அந்த வாக்கு பொருந்தாது. ஆனால் இங்கே உடைத்தது நாமல்ல, அவர்கள் அனுப்பிய ஆள். அதற்கான ஈட்டை நாம் வாரண்டி கார்டிடம் கேட்கவில்லை, உடைத்தவரிடம் கேட்கிறோம். இரண்டும் வேறு வேறு. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், கவனக்குறைவால் நமக்கு இழப்பு ஏற்படுத்துவதையும் சேவைக் குறைபாடு என்கிறது. பொருளை அவர்கள் கடையில் விட்டுவிட்டு வந்தால் 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமும் துணைக்கு வருகிறது. பிறர் பொருளைப் பொறுப்பேற்றவர், சாதாரண அறிவுள்ள மனிதர் தன் சொந்தப் பொருளைப் பார்த்துக்கொள்வதுபோல் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் விதி. அமானத் என்ற சொல்லோடு வளர்ந்த நமக்கு இதைப் பிரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

"இலவசமாகத்தானே செய்து கொடுத்தோம்" என்றும் சொல்வார்கள். இலவசம் ஒன்றுமில்லை. பொருள் வாங்கிய அன்றே அதன் விலையோடு சேர்த்துக் கொடுத்துவிட்டோம்.

நம் மஹல்லாவில் நடந்ததைச் சொல்கிறேன். பெயர்கள் வேண்டாம். ஒரு சகோதரி வீட்டில் ஃப்ரிட்ஜ் கூலிங் நின்றுவிட்டது. கணவர் சவூதியில். மெக்கானிக் வந்தார், கம்ப்ரஸரை மாற்றினார், வேலை சுத்தம். ஆனால் ஃப்ரிட்ஜைத் தூக்காமல் இழுத்ததில் தரையில் ஒரு டைல்ஸ் விரிந்தது. திருப்பி வைத்ததில் கதவின் கீழ்ப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு நெளிந்துவிட்டது. ரப்பர் சரியாகப் படியாமல் அந்த இடத்தில் தண்ணீர் கசிய ஆரம்பித்தது. சர்வீஸ் சென்டரில் அதே மனப்பாடப் பதில். கூடவே, "வேலை திருப்தி என்று நீங்களே ஓடிபி கொடுத்திருக்கிறீர்களே" என்றார்கள்.

இந்த ஓடிபி விஷயத்தைத்தான் சகோதரிகள் நன்றாகக் கவனிக்க வேண்டும். வேலை முடிந்ததும் நம் செல்லுக்கு ஓர் எண் வரும், சொல்லுங்கள் என்பார் மெக்கானிக். ஏதோ வருகைப் பதிவு என்று நினைத்துச் சொல்லிவிடுகிறோம். பல கம்பெனிகளில் அது, புகார் தீர்ந்தது என்று நாம் போடும் கையெழுத்து. பொருளைச் சுற்றிப் பார்த்து, ஓட்டிப் பார்த்து, தரையையும் சுவரையும் பார்த்த பிறகுதான் எண்ணைச் சொல்ல வேண்டும். சேதம் இருந்தால் ஜாப் ஷீட்டில் நம் கையால் ஒரு வரி எழுத வேண்டும். தமிழில் எழுதினால் போதும். அவசரப்படுத்தினால், "வீட்டு ஆம்பளைகளிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்று அனுப்பிவிடுங்கள். இந்தச் சாக்கு ஒரு நல்ல காரியத்துக்கும் பயன்படட்டுமே!

அந்தச் சகோதரிக்குக் கைகொடுத்தது ஒரு போட்டோ. அன்று காலையில்தான், கூலிங் இல்லை என்று காட்ட ஃப்ரிட்ஜைப் படமெடுத்துக் கணவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். கதவு முழுசாக இருக்கிறது, நேரமும் பதிவாகியிருக்கிறது. அந்தப் படத்தையும் மாலையில் எடுத்த படத்தையும் வைத்து, சர்வீஸ் சென்டருக்கும் கம்பெனிக்கும் பதிவுத் தபாலில் ஒரே கடிதத்தை அனுப்பினோம். கதவை மாற்றிக் கொடுத்தார்கள். டைல்ஸுக்கு ஒன்றும் தரவில்லை. அதையும் கேட்டு வழக்குப் போட்டிருக்கலாம் என்பது என் கருத்து. அவர் போதும் என்றுவிட்டார்.

அவர் முதலில் தயங்கியதற்கு வேறொரு காரணமும் இருந்தது. "லாத்தா, சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள்" என்று அந்த மெக்கானிக் பையன் கெஞ்சியிருக்கிறான். இரக்கம் நல்லதுதான். ஆனால் நம் கடிதம் அவனுக்கு எழுதப்படுவதல்ல. ஆளை அனுப்பியவர்கள்தான் பொறுப்பு. தனியாக இருநூறு, முந்நூறு வாங்கிக்கொண்டு முடிப்பதில்தான் ஏழைப் பையனின் பை காலியாகிறது. நாமும் நியாயமாக இருக்க வேண்டும். போன வருஷத்துக் கீறலை இந்த வருஷ மெக்கானிக் தலையில் கட்டுவது ஹராம் என்பதை இந்தச் சபையில் விளக்க வேண்டியதில்லை.

பில் கணவர் பெயரில் இருக்கிறதே, அவர் வெளிநாட்டில் இருக்கிறாரே என்று கேட்கிறீர்கள். வாங்கியவரின் சம்மதத்தோடு பயன்படுத்துபவரும் சட்டப்படி நுகர்வோர்தான். மனைவியே தன் பெயரில் புகார் கொடுக்கலாம். வீட்டில் தையல் மெஷின் வைத்துப் பிழைக்கும் சகோதரிகளுக்கும் இந்த உரிமை உண்டு. சுயதொழில் செய்து வயிற்றைக் கழுவ வாங்கிய பொருளைச் சட்டம் வியாபாரப் பொருளாகத் தள்ளிவிடவில்லை.

கடிதத்துக்குப் பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். பல விஷயங்கள் அங்கேயே முடிந்துவிடுகின்றன. முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கம்பெனியின் தலைமை அலுவலகம் மும்பையில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். பொருளின் விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. சேதம் நடந்ததிலிருந்து 2 வருடத்துக்குள் போக வேண்டும். சட்டத்தில் 3 மாதம், பொருளைச் சோதனைக்கு அனுப்பினால் 5 மாதம் என்று காலக்கெடு இருக்கிறது. நடைமுறையில் இழுக்கும். அதனால்தான் முதல் கடிதத்தையே ஒழுங்காக எழுத வேண்டும் என்கிறேன்.

கடிதம் எழுத உதவி வேண்டுவோர் அஸர் தொழுகைக்குப் பிறகு நம் அலுவலகத்துக்கு வரலாம். பில், வாரண்டி கார்டு, ஜாப் ஷீட் ஆகியவற்றின் நகலைக் கொண்டு வாருங்கள். செல்லில் உள்ள படங்களை அதுவரை அழித்துவிடாதீர்கள்.